ஒங்கள விட்டா ஆரு இருக்கா சாமி

எங்கள் சங்கத்தில் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான். அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டோம். நாங்களெல்லாம் இறங்கிய மறுநாளே 'முன்னாள்' ஆகிப்போனோம். சங்கம் தொடங்கிய புதிதில் கொஞ்ச காலம் தலைவராக இருந்துவிட்டு இறங்கியவர் அவர். ஆனாலும் கடைசிவரை அவர்தான் தலைவர். பேரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த எவனைக் கேட்டாலும் "அட, நம்ம தலைவரா" என்பான். சொல்லும்போதே கை தன்னால் தோளுக்குப் போகும். ஏன் போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் மாவட்டக் கிளை. பெரிய சங்கம் ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு ஒரு கூடுகை, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று ஒரு முகாம், ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால் ஓடுவது, யாராவது செத்தால் மாலையோடு போய் நிற்பது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், வீட்டில் பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்க்க விடாத வேலை அது.

தலைவர் ஆள் பார்க்கச் சாது. அனுமந்தன்பட்டிக்காரர். ஒல்லி. அரைக்கை வெள்ளைச் சட்டை, வேட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பு. குரலை உயர்த்திப் பேசி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் காபி, பலகாரம் எதையும் தொடமாட்டார். "சுடுதண்ணி இருந்தாக் குடு ஆத்தா" என்பார், அதையும் நின்றபடியே குடிப்பார். எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார், கல்லூரி முதல்வரிலிருந்து மைக் செட்காரன் வரைக்கும். அவருடைய பழைய காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு கட்டுச் சால்வை இருக்கும், பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. அந்த உறை சரசரக்கிற சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. ஜவுளிக்கடைக்குப் போனால்கூட ஒரு நிமிடம் திக்கென்றுதான் இருக்கிறது.

என்னைப் பிடித்த விதத்தைச் சொல்கிறேன். எனக்குச் சின்னமனூரில் மோட்டார் பம்பு கடை. ஒரு நாள் காலையில் கிரீஸ் கையோடு நிற்கிறேன், வந்து நின்றார்.

"உக்காருங்க தலைவரே."

"இருக்கட்டும் சாமி. நீங்க வேலையப் பாருங்க."

உட்காரவே இல்லை. எழுபதை நெருங்குகிற மனிதர் நிற்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டு முடுக்கவா முடியும்? நானும் எழுந்து நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு என்ன ஏது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வந்துருங்க. வந்து ஒரு ஓரமா உக்காந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இவ்வளவுதானே என்று போனேன். ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, "நமக்கு இந்தத் தடவ ஒரு நல்ல தலைவர் அமைஞ்சிருக்காரு" என்று என் பேரைச் சொன்னார். சபை மொத்தமும் கைதட்டுகிறது. நான் எழுந்து, வேண்டாம் என்று சொல்லத்தான் மேடைக்குப் போனேன், சத்தியமாக. போன வேகத்தில் உறை சரசரத்தது, சால்வை தோளில் விழுந்தது. காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒங்கள விட்டா ஆரு இருக்கா சாமி?"

நாலு பேர் பார்க்க மேடையில் தோளில் விழுந்த சால்வையை எடுத்து இந்தா என்று திருப்பிக் கொடுக்க எங்கள் ஊர்ப் பக்கம் எவனுக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. முகத்தில் துப்பினால்கூட மன்னித்துவிடுவார்கள். அவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் எவனிடமும் "செய்வீகளா" என்று கேட்டதே இல்லை. கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்வதற்கு.

அதிலிருந்து எங்களுக்குள் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஏதாவது ஒரு பொறுப்பு ஒருவன் தலையில் ஏறினால், "ஏலே, அவனுக்குச் சால்வ விழுந்துருச்சாம்" என்று சிரிப்போம். தப்பித்தவர்களின் சிரிப்பு கொஞ்சம் உரக்கவே இருக்கும்.

அவரைத் திட்டத் தொடங்கினாலும் ஓர் இடத்தில் என் வாய் அடைத்துவிடுகிறது. போடிப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண் ஒன்று, ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற அம்மா மட்டும்தான் அதற்கு. கல்லூரியில் இடம் கிடைத்தும் விடுதி கிடைக்காமல் திரும்பிப் போக இருந்தது. தலைவர் போய் விடுதி அலுவலக வாசலில் நின்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, வெறுமனே நின்றார். உட்காரச் சொன்னால் "இருக்கட்டும் சாமி". சாப்பாட்டு நேரம் போய், அலுவலகம் பூட்டுகிற நேரமும் வந்தது. கடைசியில் அந்த அதிகாரியே வெளியே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் இன்றைக்கு நல்ல நிலைமையில் இருக்கிறாள். அவரிடம் இருந்தது ஒரே வித்தைதான். அதை அதிகாரிகளிடம் காட்டும்போது எங்களுக்கு மெய்சிலிர்க்கும், எங்களிடமே காட்டும்போது ஓடி ஒளியத் தோன்றும்.

போடியில் ஜவுளி வியாபாரக் குடும்பத்து ரோஸ்மேரி டீச்சர் எனக்கு முன்னால் தலைவராக இருந்தவர். அவர் மகளுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்த அன்றைக்குத்தான் ஆண்டுக் கூடுகை. சிறப்பு விருந்தினரை அழைத்துவர மதுரை விமான நிலையத்துக்கு யாராவது போக வேண்டும். தலைவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மகள் தலையைத் தடவிக்கொடுத்தார், கண்கலங்கினார், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் கைவிடமாட்டாரு தாயி" என்றார். அப்புறம் அந்தக் கையை விடாமலே, "கார் வாசல்ல நிக்கிது" என்றார். டீச்சர் போய்விட்டார். உசிலம்பட்டி தாண்டும்போது பேரன் பிறந்த செய்தி போனில் வந்தது.

"என்னையே எனக்கு நம்ப முடியல சார்" என்று டீச்சர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். "கார்ல ஏறி உக்காந்தப்புறந்தான், ஆத்தாடி, நான் எங்க போறேன்னு நெனப்பே வருது!" நாங்களும் சிரிப்போம். அந்த மகள் மட்டும் இன்றுவரை தலைவர் முகத்தில் முழிப்பதில்லை.

இனிமேல் செல்வராசு கதை. இது சிரிப்பதற்கு இல்லை.

செல்வராசும் நானும் விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சின்னமனூரிலேயே என் கடைக்கு அடுத்த தெருவில் வீடு. எனக்குப் பிறகு அவன் தோளில்தான் சால்வை விழுந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலையை அவன் கல்யாண வேலை மாதிரி செய்தான். ஓர் அழைப்பிதழைக்கூடத் தபாலில் அனுப்பமாட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு கம்பம், கூடலூர் என்று வீடு வீடாகப் போய்க் கையில் கொடுப்பான். அந்த ஓட்டத்தில்தான் நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் முழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "முகாமுக்குப் பிள்ளைக நெறையா வந்துச்சா?" பக்கத்தில் நின்ற அவன் மனைவி மல்லிகா, தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வேகமா நடக்கக்கூடாது, வெயில்ல அலையக்கூடாது, இன்னொரு தடவ வந்தா எங்க கையில இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மல்லிகா அவனைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். வண்டிச் சாவி அவள் முந்தானையில் முடிந்திருக்கும். காய்கறி வாங்கப் போனாலும் அவன் என் கடையைத் தாண்டக் கூடாது. அவனும் சங்கத்தை மறந்த மாதிரி இருந்தான். இப்படியே சில வருடம் ஓடிப்போனது.

அப்புறம் சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தது. தேனி அல்லிநகரத்தில் ஒரு மண்டபத்தில் விழா என்றும், முன்னாள் தலைவர்கள் எல்லோரும் மேடையேறித் தங்கள் சேவை அனுபவத்தைப் பேச வேண்டும் என்றும், அன்றைக்கே புதுத் தலைவர் அறிவிப்பு என்றும் முடிவானது. அந்த வாரமே தலைவருடைய கார் எங்கள் தெருவில் இரண்டு தரம் தென்பட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மல்லிகா கடைக்கு வந்தாள். பேசுவதற்கு முன்னாலேயே கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, நேத்து அவுக வந்துட்டுப் போனாக."

"தலைவரா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. சுடுதண்ணி கேட்டாக, நின்னுக்கிட்டே குடிச்சாக, போயிட்டாக. ஒண்ணுஞ் சொல்லாமப் போனதுதாண்ணே எனக்கு வயித்துல நெருப்பாக் கெடக்கு. இவுக முகத்தப் பாக்கணுமே, அப்பருந்து ஒரே சிரிப்பு. சால்வ விழுந்துச்சுன்னா இவுக ஓடுவாக. ஓடுனா எனக்குப் புருசன் இல்ல. நீங்க போயிச் சொல்லுங்கண்ணே. ஒங்க பேச்சத்தான் கேப்பாக."

தலைவர் யார் பேச்சையும் கேட்டதில்லை. இருந்தாலும் மல்லிகா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? அன்றைக்கே அனுமந்தன்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். எப்போதும் அவர்தான் எங்கள் வீடுகளுக்கு வருவார். வீட்டை ஒட்டித் திராட்சைத் தோட்டம். பந்தல் கம்பி தொய்ந்து, கவாத்துப் பண்ணாத கொடி காடாக மண்டிக் கிடந்தது. வெட்டாமல் விட்ட குலைகள் அழுகி, பந்தலுக்கு அடியில் புளித்த வாடை. உள்ளே கூடம் முழுக்கக் கேடயமும் நினைவுப்பரிசும், பாதிக்கு மேல் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். ஆள் அரவமே இல்லை. மனைவி மகனோடு பெங்களூருக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரியும். அவரே அடுப்படிக்குப் போய்ச் சுடுதண்ணீர் வைத்து எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். எனக்கு அந்த வீட்டை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

நின்றுகொண்டேதான் பேசினேன். "தலைவரே, செல்வராச விட்டுருங்க. ஒடம்பு தாங்காது. அவன் மேல சால்வ போட்டீகன்னா நாளைக்கு நாமதான் மாலையும் போடணும்."

அவர் முகம் வாடிவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சாமி இப்பிடிக் கேட்டுப்புட்டீக. செல்வராசு எம் புள்ள மாதிரி. மாட்டேன். செல்வராசுக்குப் போடமாட்டேன். எங்க குலசாமி மேல சத்தியம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. மல்லிகாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

விழா அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்னாள்கள் நாங்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்தோம். ரோஸ்மேரி டீச்சர் விமான நிலையக் கதையைச் சொல்ல, மண்டபமே சிரித்தது. நான் ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். செல்வராசு பேசினான். ஐந்து நிமிடம்தான். "எனக்கு நெஞ்சுல வச்ச கம்பியக் காட்டிலும் இந்தச் சங்கந்தான் என்னய ஓட்டிக்கிட்டு இருக்கு" என்றான். கைதட்டல் அடங்கவே இல்லை. கீழே பெண்கள் வரிசையில் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை.

தலைவர் கடைசியாக முன்னால் வந்தார். கையில் உறை சரசரத்தது. செல்வராசு நிமிர்ந்து உட்கார்ந்தான். பாவி, எதிர்பார்க்கிறான்! தலைவர் அவனைத் தாண்டி வந்தார். என்னையும் தாண்டினார். படியில் இறங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தபால்ல படிச்சவுகளெல்லாம் நம்ம சங்கத்துல ஓரமாவே உக்காந்துட்டாக" என்றார், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே. "தபால்ல படிச்சாப் படிப்பு இல்லையா? அடுப்படியில உக்காந்து, புள்ளைகளத் தூங்க வச்சுட்டுப் படிச்சு, நம்ம பல்கலைக்கழகத்துலயே எம்.ஏ. வாங்குன பொண்ணு ஒண்ணு இங்கன இருக்கு. அதுதான் நம்ம புதுத் தலைவி."

மல்லிகா எம்.ஏ. வாங்கியது எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் செல்வராசு வீட்டில் கேசரி சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அவளும் எங்கள் பல்கலைக்கழகத்து ஆள்தான் என்று எங்களில் ஒருத்தனுக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றியிருக்காது. செல்வராசுக்குப் போடாதீர்கள் என்று கேட்டேனே தவிர, அந்த வீட்டுக்கே போடாதீர்கள் என்று கேட்க எனக்குப் புத்தி எங்கே போனது! அவர் சத்தியத்தை மீறவே இல்லை.

பெண்கள் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை பெண்களுக்கும் அன்றைக்கு மல்லிகாவால் பெருமை. அவள் எழுந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அதற்குள் சால்வை விழுந்துவிட்டது. தலைவர் அவள் காதோரம் குனிந்தார். என்ன சொன்னார் என்று எங்களில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து மேடையில் என்னைத் தேடினாள். நான் பார்வையை வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

செல்வராசு மேடையை விட்டுக் குதிக்காத குறையாக இறங்கிப் போனான். எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீ பேருக்கு இரு. ஓட்டத்த நான் பாத்துக்கிறேன்" என்றான்.

வண்டிச் சாவி முந்தானையிலிருந்து அவிழ்ந்தது. எப்படி அவிழாமல் இருக்கும்? தலைவி அவள், பேர் கெட்டுவிடக் கூடாது என்பான். "மல்லிகா கூட்டம்னா நாலு பேரு பேசணும்" என்பான். பங்குனி வெயிலில் ஹெல்மெட்டுக்கு உள்ளே துண்டைக் கட்டிக்கொண்டு என் கடை வாசலில் போவான், வருவான். "ஏலே, போதும்டா" என்று நான் கத்தினால் கையை ஆட்டிவிட்டுப் போவான். எனக்குப் போன் மணி அடித்தாலே உடம்பு தூக்கிப்போடும். தலைவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நேருக்கு நேராக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் பிள்ளைகளுக்கு முகாம், மல்லிகா தலைமையில் நடக்கிற முதல் நிகழ்ச்சி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை முற்பகலில் போன் வந்தது. செல்வராசு வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வழியாக வந்த யாரோ ஆட்டோவில் தூக்கிப்போட்டுத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசல் பெஞ்சில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய சட்டை, வாட்ச். அவளுக்குப் பக்கத்தில் தலைவர். எனக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். அவரை உட்கார்ந்த நிலையில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது அழுது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. மல்லிகாவின் கை அவர் கைக்குள் இருந்தது.

"தலைவரே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அடிக்க வருகிறவனைப் பார்க்கிற மாதிரி, வா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் மல்லிகா.

அவள் அழவில்லை. குரல் மெதுவாக, ரொம்ப மெதுவாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மைக் செட்டுக்குச் சொல்லலண்ணே. அதுக்குத்தான் காலையில கெளம்புனாக. கண்ண முழிச்சா மொத அதத்தான் கேப்பாக. எல்லாஞ் சொல்லியாச்சுன்னு நான் சொல்லணும். நீங்க கொஞ்சம் சொல்லிருங்கண்ணே. ஒங்கள விட்டா எனக்கு ஆரு இருக்கா?"

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக் கீழே தரையைப் பார்த்தார். உள்ளே ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருத்தி வேகமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னல் பக்கம் ஒதுங்கிப் போய் மைக் செட் கடைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, உத்தமபாளையம், இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றேன். "ஆரு பேருலண்ணே எழுத?" என்று கேட்டான். மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டே, என் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.